ஆணித் துளைகள்

பணிமாறுதல் பெற்றுக் கொச்சிக்கு வந்தபோது, மட்டாஞ்சேரி ஜூ டவுனில் எங்களுக்கு ஒரு பழைய வீடு வாடகைக்குக் கிடைத்தது. அதன் சமையல் மேடையில் கல்லுக்குப் பதிலாக அகன்ற தேக்குப் பலகை பதித்திருந்தார்கள். அதில் ஏழு ஆணித் துளைகள். சிறியவைதாம், ஆயினும் மாவும் ஈரமும் அவற்றில் தங்கின, எறும்புகள் வரிசையாக வந்தன.

தச்சரை அழைத்தோம். முதியவர். நான் வாங்கி வைத்திருந்த மக்கை அவர் தொடவே இல்லை. துளைகளைச் சுற்றியிருந்த கறையைக் காட்டி, இரும்பும் ஈரமும் சேர்ந்தால் தேக்கு இப்படித்தான் கறுக்கும் என்றார். ஊசியால் அழுக்கை அகற்றி, பலகையை இரண்டு நாள் உலரவிட்டார். பிறகு பெரிய துளைகளில் தேக்கு முளைகளைப் பசை தடவி இறக்கி, மேற்பகுதியை உளியால் சீவினார். சிறியவற்றில், தேக்குத் தூளைப் பசையுடன் குழைத்து அழுத்தினார். காய்ந்தால் சுருங்கும் என்பதால் சற்று மேடாகவே வைத்தார்.

கொட்டாங்குச்சியில் கொஞ்சம் குழைவு மீந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நிலையின் வலப்பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு துளைகள் இருந்தன. எத்தனையோ ஊர்களில், வீட்டைக் காலி செய்யுமுன் நாட்காட்டி மாட்டிய துளையைக்கூட அடைத்துவிட்டு வந்தவள் நான். இல்லையேல் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்களே!

“டீச்சரே, அது வேண்டா” என்றார் தச்சர்.

முன்பு அங்கே ஒரு யூதக் குடும்பம் வாழ்ந்ததாம். யூதர்கள் மறைமொழிகளைத் தோலில் கையால் எழுதிச் சுருட்டி, சிறு கூட்டில் இட்டு, வாசல் நிலையில் பொருத்துவார்கள். அதற்கு மெசூசா என்று பெயர். வீட்டினுள் நுழைவோர் அதைத் தொட்டு வணங்குவர். 1948இல் இஸ்ரேல் நாடு உருவான பின்னர், இத்தெருவினர் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். அக்குடும்பமும் கூட்டைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறது.

தெருவின் கோடியில் அவர்களது தொழுகைக்கூடம் இருக்கிறது. 1568இல் கட்டப்பட்டது. அதன் பெயர் பரதேசி சினகாக். அயல்நாட்டிலிருந்து வந்தவர் என்பதே அச்சொல்லின் பொருள். நாம்தாம் அதை வசைச்சொல் ஆக்கிவிட்டோம். அப்படிப் பார்த்தால், மாறுதலில் வந்த நானும் இங்கே பரதேசிதான்.

குழைவை நிலையில் பூசாமல் திரும்பினேன்.

மறுநாள் தச்சர், மர இழை ஓடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்து, தேன்மெழுகு பூசினார். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு, பலகையைத் தடவித் துளைகளைத் தேடினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. பிறகு வாசலுக்கு ஓடிப்போய், எம்பி நின்று, அந்த இரண்டையும் தொட்டுப் பார்த்தாள்.