புள்ளிகளும் பயணமும்

சிங்கப்பூருக்குத் தாயாருடன் சென்றிருந்தபோது, அங்கத்துவப் புள்ளிகள் சேருமென்று தொலைவிலிருந்த ஓர் ஹோட்டலில் தங்கினோம். புள்ளிகள் சேர்ந்தன, சிராங்கூன் வீதி வீரமாகாளியம்மன் கோயிலில் காலைப் பூசை காணத் தாயார் கொண்ட ஆசையோ, வழித்தூரத்தால் மூன்று நாளும் கைகூடவில்லை. அன்று கற்ற பாடத்தையே இங்கு கூறுகின்றோம்.

அடிக்கடி பயணஞ் செய்வோர் முதலில் தாம் செல்லும் ஊர்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவ்வூர்களில், தமக்கு அலுவலுள்ள இடத்தருகே எந்நிறுவனத்தின் ஹோட்டல் உளதோ, அதன் அங்கத்துவமே சிறந்தது. கொழும்பிலும் உள்ள ஹில்டனில், வெள்ளித்தரமோ அதற்கு மேலோ பெற்றவர் புள்ளிகளைக் கொண்டு தொடர்ந்து 5 இரவுகள் தங்கின், ஐந்தாம் இரவுக்குப் புள்ளி கொடுக்க வேண்டியதில்லை. வெலிகமையிலும் உள்ள மரியட், 2016இல் ஸ்டார்வூட்டை வாங்கியபின் மிகப் பரந்துவிட்டது. ஆனால், 2022 முதல் அங்கே ஓரிரவுக்குரிய புள்ளிக்கணக்கு நிலையானதன்று. 24 மாதங்கள் கணக்கில் அசைவு இல்லையெனில் புள்ளிகளும் மறைந்துவிடும். ஆதலின், சேர்த்துப் பூட்டிவைத்தல் பேதைமை, சேர்ந்ததும் செலவிடுக.

ஆண்டுக்கொருமுறை மட்டும் செல்வோருக்கு எப்புள்ளியும் வேண்டா. கோயிலுக்கு அண்மையில் ஓர் அறை கிடைத்தால் அதுவே போதும்.