மரமேறிப் பார்த்த ஆட்டம்



லிவர்பூல் என்று சொன்னதும் உங்கள் வீட்டுப் பையன்கள் என்ன சொல்வார்கள்? சிவப்புச் சட்டை என்பார்கள். தோட்டமானாலும் பட்டணமானாலும் நம் நாட்டில் சிவப்புச் சட்டைக்குத்தான் மவுசு. ஆனால் அதே ஊரில் நீலச் சட்டைக் குழு ஒன்றும் இருக்கிறது. எவர்ட்டன் என்று பெயர். 1888-இல் இங்கிலாந்தின் காற்பந்து லீக் தொடங்கியபோது சேர்ந்த 12 குழுக்களில் இதுவும் ஒன்று. ஒன்பது முறை லீக்கை வென்றிருக்கிறது. அதெல்லாம் பெருமைதான். ஆனால் நான் எழுதப் புகுந்தது அந்தப் பெருமையைப் பற்றி அல்ல. அந்தக் குழு கீழே விழாமல் மயிரிழையில் தப்பிய ஒரு சனிக்கிழமையைப் பற்றியும், அது நடந்த இடத்தை நான் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றியும்தான்.

2025 அக்டோபரில் தம்பி மகனைப் பார்க்க லிவர்பூலுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறான். விடுமுறை கிடைத்த நாளில், "எங்கே போகலாம் பெரியப்பா? கடைத்தெருவா, கப்பல் துறையா?" என்று கேட்டான்.

"குடிசன் பார்க் திடலுக்குப் போகலாம்" என்றேன்.

"ஆண்கள் குழு இப்போது அங்கே ஆடுவதில்லையே பெரியப்பா!" என்று சிரித்தான்.

"தெரியும். இருந்தாலும் பார்க்க வேண்டும்" என்றேன்.

கப்பல் துறையில் ஒரு பெரட்டு

நகரத்திலிருந்து வடக்கே பஸ்ஸில் போனோம். மெர்சி ஆற்றுக் காற்று கம்பளிச் சட்டையையும் துளைத்தது. இரு பக்கமும் செங்கல் வீடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டி, வரிசை வரிசையாக. வாசல் கதவைத் திறந்தால் நேரே தெரு. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பத்து வீட்டுக்கு மணக்கும். "நம் லயம் மாதிரியே இருக்கிறதடா!" என்றேன். மாடி ஒன்றுதான் கூடுதல்.

இப்படிப்பட்ட தெருக்களில் வாழ்ந்தவர்களில் கப்பல் துறைத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்கள் கதை நமக்கு அந்நியமானது அல்ல. லிவர்பூலைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ ஃபன்னல் கப்பல்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ரப்பர் ஏற்றிக்கொண்டு சீமைக்குப் போன காலம் உண்டு. நம் பாட்டனும் பாட்டியும் வெட்டிய பாலை இங்கே இறக்கி வைத்த கைகள் இவர்களுடையவை.

1967 வரை அந்தத் துறையில் நிரந்தர வேலை என்பது பெரும்பாலோருக்குக் கிடையாது. வேலை வேண்டுவோர் கூட்டமாக நிற்க வேண்டும். மேலாள் வந்து தோளைத் தொட்டால் அன்றைக்குச் சம்பளம். தொடாவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். விடியற்காலைப் பெரட்டில் நின்று பழகிய நமக்கு அந்த நெஞ்சடிப்பை யாரும் விளக்க வேண்டுமா? அப்படி வாழ்ந்த மக்களுக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டம்தான் வாரத்துத் திருவிழா.

வாடகைத் தகராறில் பிறந்த திடல்

எவர்ட்டன் 1878-இல் ஒரு தேவாலயத்துப் பையன்கள் தொடங்கிய குழு. குடிசன் பார்க்குக்கு முன் அவர்கள் ஆடிய திடல் எது தெரியுமா? இன்று சிவப்புச் சட்டைக்காரர்களின் கோட்டையாக இருக்கும் ஆன்ஃபீல்டுதான்! அங்கே ஜான் ஹோல்டிங் என்பவரோடு வாடகைத் தகராறு வந்தது. குழு மூட்டை கட்டிக்கொண்டு ஸ்டான்லி பூங்காவின் மறுபக்கம் போய், 1892-இல் குடிசன் பார்க்கைக் கட்டியது. ஹோல்டிங் காலித் திடலைச் சும்மா விடவில்லை. புதிதாக ஒரு குழுவை உண்டாக்கினார். அதுதான் லிவர்பூல் குழு. இரண்டு திடலுக்கும் நடுவே ஒரு பூங்காதான். ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்பது அந்த ஊரில் சர்வசாதாரணம்.

1966 உலகக் கிண்ணத்தில் வட கொரியா போர்ச்சுகலுக்கு எதிராக மூன்று கோல் போட்டு முந்தியதும், யூசேபியோ நான்கு கோல் அடித்துப் போர்ச்சுகல் 5-3 என்று வென்றதும் இதே குடிசன் பார்க்கில்தான்.

கடைசி நாள், கடைசி வாய்ப்பு

அன்று மாலை வீடு திரும்பியதும் தம்பி மகன் அந்தப் பழைய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினான். அதைச் சொல்வதற்கு முன் ஒரு விளக்கம். அந்த ஊர் லீக்கில் ஆண்டு முடிவில் கடைசியாக வரும் மூன்று குழுக்களை அடுத்த பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். இறங்கினால் வருமானம் குறையும், நல்ல ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள், அலுவலகத்திலும் திடலிலும் வேலை செய்பவர்களின் சோற்றுக்கும் ஆபத்து வரும். மீண்டும் ஏறி வர எத்தனை ஆண்டு ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது.

எவர்ட்டன் 1954-இல் முதல் பிரிவுக்குத் திரும்பியது. அதன்பின் 40 ஆண்டுகள் இறங்கவே இல்லை. ஆனால் 1993-94 பருவத்தில் எல்லாம் தலைகீழ். நடுவிலேயே பயிற்றுநர் விலகினார், ஜனவரியில் மைக் வாக்கர் வந்தார். தோல்விமேல் தோல்வி. 22 குழுக்கள் ஆடிய லீக்கில் 41 ஆட்டங்கள் முடிந்தபோது 41 புள்ளிகள்தான். கீழிருந்து மூன்றாம் இடம். இறங்கப்போகிற மூவரில் ஒருவர். கடைசி ஆட்டத்தில் வென்றே ஆக வேண்டும். வந்த எதிரியோ அந்த ஆண்டு ஆறாவது இடத்தில் முடித்த விம்பிள்டன்!

1994 மே 7, சனிக்கிழமை. திடலின் ஒரு பக்கத்துப் பார்வையாளர் கூடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் மூன்று பக்கம்தான் ஆட்கள். உள்ளே 31 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இடம் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? இடித்த பக்கத்துக்கு எதிரே ஸ்டான்லி பூங்கா. அங்கே மரங்களில் ஏறிவிட்டார்கள்! அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. டவுன் திடலில் பெரிய ஆட்டம் நடக்கும்போது டிக்கெட்டுக்குக் காசில்லாமல் மதிலோரத் தூங்குமூஞ்சி மரத்தில் நாங்கள் ஏறி உட்கார்ந்தது நினைவுக்கு வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கிய நான்காவது நிமிடத்தில் எவர்ட்டன் ஆட்டக்காரர் லிம்பார் தம் கோல் பக்கத்தில் பந்தைக் கையால் தொட்டுவிட்டார். பெனால்டி. ஹோல்ட்ஸ்வொர்த் அடித்தார். 0-1. இருபதாவது நிமிடத்தில் எவர்ட்டனின் ஏப்லெட் காலில் பட்ட பந்து சொந்த கோலுக்குள்ளேயே புகுந்தது. 0-2. அத்தனை பேர் கூடிய இடத்தில் மயான அமைதி.

நான்கு நிமிடம் கழித்து லிம்பார் எதிர்ப்பக்கத்தில் விழுந்தார். நடுவர் பெனால்டி கொடுத்தார். அது சரியா தவறா என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். தன் கால் நழுவினால் ஒரு ஊரே விழும் என்ற நிலையில் பந்தை எடுத்து வைத்தவர் கிரகாம் ஸ்டுவர்ட். கோல்! 1-2. அதன்பிறகு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கோல் காவலர் நெவில் சவுத்தால்தான் பின்னால் நின்றார். அவர் பெரிய ஆட்டக்காரர் ஆகுமுன் குப்பை அள்ளியவர், கட்டட வேலையில் செங்கல் சுமந்தவர். எவர்ட்டனுக்காக 700 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர்.

67-ஆவது நிமிடம். பேரி ஹோர்ன் வெகு தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தார். பந்து பறந்துபோய் வலைக்குள் விழுந்தது. 2-2. பெற்றோர்களே, இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேரி ஹோர்ன் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவர். ஆட்டத்தை விட்ட பிறகு பள்ளி ஆசிரியராகவும் வேலை பார்த்தவர். பந்து விளையாடினால் படிப்பு கெடும் என்று பிள்ளைகளை அடிக்க ஓடாதீர்கள்!

ஆனால் சமநிலை போதாது. 2-2 என்று முடிந்தால் எவர்ட்டன் இறங்கியிருக்கும். மணி ஓடியது. 81-ஆவது நிமிடத்தில் மீண்டும் கிரகாம் ஸ்டுவர்ட். அவ்வளவு பலமான உதை அல்ல. தரையோடு உருண்ட பந்து கோல் காவலர் செகர்ஸைத் தாண்டி மெல்ல உள்ளே போனது. 3-2!

விசில் ஊதியதும் ஜனங்கள் திடலுக்குள் பாய்ந்துவிட்டார்கள். கிண்ணம் இல்லை, பதக்கம் இல்லை, 17-ஆவது இடம். அதற்கு இவ்வளவு அழுகையும் சிரிப்புமா என்று வெளியாள் கேட்கலாம். தோளைத் தொடுவார்களா, மாட்டார்களா என்று துறையில் நின்ற தகப்பனின் பிள்ளை கேட்கமாட்டான்.

அதே நேரத்தில் லண்டனில் இன்னொரு காட்சி. ஷெஃபீல்டு யுனைடெட் குழு செல்சியோடு சமநிலையில் இருந்தது. அப்படியே முடிந்திருந்தால் தப்பியிருக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் செல்சி ஒரு கோல் போட்டது. ஷெஃபீல்டு இறங்கியது, இப்ஸ்விச் தப்பியது. ஒரு வீட்டில் கல்யாண மேளம், அடுத்த வீட்டில் அழுகை. காற்பந்தும் வாழ்க்கையைப் போலத்தான்.

தப்பிய குழு என்ன செய்தது தெரியுமா? மறு ஆண்டே, 1995 மே மாதம், மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியது. 1998-இலும் கடைசி நாளில் கோல் வித்தியாசத்தில்தான் தப்பியது. 2023-இலும் கடைசி நாளில் ஒரே கோலில் தப்பியது.

திடலுக்குக் கிடைத்த மறுவாழ்வு

2025 மே 18-இல் எவர்ட்டன் ஆண்கள் குழு குடிசன் பார்க்கில் தன் கடைசி ஆட்டத்தை ஆடி, சௌதாம்ப்டனை 2-0 என்று வென்றது. பிறகு ஆற்றோரத்துப் பழைய பிராம்லி-மூர் கப்பல் துறையில் கட்டிய, 52 ஆயிரம் பேருக்கு மேல் அமரக்கூடிய புதிய அரங்கத்துக்குக் குடிபோனது.

பழைய திடலைத் தரைமட்டமாக்கிக் கடையும் வீடும் கட்டுவார்கள் என்றுதான் பேச்சு இருந்தது. ஆனால் கடைசியில் அதை எவர்ட்டன் பெண்கள் குழுவுக்குக் கொடுத்தார்கள். இப்போது அங்கே ஆடுகிறவர்கள் பெண் பிள்ளைகள்! அந்தத் திடலின் ஓரத்து மண்ணுக்குள் நூற்றுக்கணக்கான ரசிகர்களின் அஸ்தி இருக்கிறது என்று தம்பி மகன் சொன்னான். இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் புதைத்தார்களாம். இடம் போதாமல் பின்னாளில் நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் போன அன்று ஆட்டம் இல்லை. பெரிய கதவு பூட்டியிருந்தது. திடலின் மூலையை ஒட்டி நிற்கும் செயின்ட் லூக் தேவாலயத்தைச் சுற்றி வந்தோம். நீலச் சட்டை போட்ட ஒரு சிறுமி, பத்து வயது இருக்கும், மதிலில் பந்தை உதைத்து உதைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தாய் பையோடு காத்து நின்றாள்.

நான் பிறந்த தோட்டத்திலும் ஒரு திடல் இருந்தது. ஒரு பக்கம் கோயில், மறுபக்கம் கித்தா மரம். தோட்டத்தை விற்றபோது திடலும் போனது, குழுவும் கலைந்தது. யாரும் மரத்தில் ஏறவில்லை. யாரும் கூடவில்லை. ஆளுக்கொரு லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனோம். 0-2 என்று இருந்தபோது நாங்கள் எழுந்து போய்விட்டோமோ என்று அந்த மதிலோரம் நின்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் தோட்டத்தில் இன்னும் திடல் இருக்கிறதா? கோல் கம்பம் நிற்கிறதா? அப்படியானால் இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து புல்லை வெட்டுங்கள். பையன்களை மட்டும் அல்ல, பெண் பிள்ளைகளையும் இறக்கிவிடுங்கள். ஆட்டம் இன்னும் முடியவில்லை.