பெட்டி நிறைஞ்சு போச்சு

"தம்பி, உங்களுக்கு அனுப்புன மெயில் திரும்பி வந்துருச்சே. பெட்டி நிறைஞ்சிருக்காம். ரெண்டு நாள் பாத்துட்டு வேற பையனை எடுத்துட்டோம்."

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். இரண்டு மாசப் பயிற்சி, மாசம் 6,000 ரூபாய். நேரில் போய் பயோடேட்டா கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அதில் இருந்த போன் நம்பர் முதல் வருஷம் வைத்திருந்த பழைய சிம். அது செத்து ரொம்ப நாளாச்சு. மிச்சம் இருந்த ஒரே வழி மெயில், அதையும் நானே அடைத்து வைத்திருக்கிறேன். மூணாம் நாள் நானாகப் போன் பண்ணிக் கேட்டபோதுதான் மேலே உள்ள டயலாக்.

இத்தனைக்கும் இடம் தீர்ந்துவிட்டது என்று ஜிமெயில் தினமும் சிவப்பில் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை மூடுகிற பெருக்கல் குறி எங்கே இருக்கிறது என்பது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.

கொஞ்சம் கொசுவத்தி. ஜிமெயில் வந்தது 2004 ஏப்ரல் 1. நான் பிறந்த வருஷம். அன்றைக்கு ஹாட்மெயிலில் 2 எம்பி, யாஹூவில் 4 எம்பி. இவர்கள் 1 ஜிபி என்றதும் ஏப்ரல் ஃபூல் என்றே பலர் நினைத்தார்களாம். இப்போது 15 ஜிபி. ஆனால் மெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்துத்தான் 15. 2021 ஜூன் 1 முதல் ஏற்றிய போட்டோக்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதில்தான். நம்ம வகுப்பு குரூப்பின் குட்மார்னிங் வீடியோக்கள் என் வேலையைத் தின்றன என்று சொன்னால் தப்பில்லை மக்கா.

சரி, ராத்திரி உட்கார்ந்தேன். முதலில் விளம்பர மெயில்கள். தள்ளுபடி, கூப்பன், 'உங்களுக்காகவே' என்று ஆரம்பிக்கிற அத்தனையும். 11,000 மெயிலை ஒரே மூச்சில் அழித்துவிட்டு மீட்டரைப் பார்த்தால் அசையவே இல்லை. குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்குமாம், அதுவரை அதுவும் கணக்கில் சேரும். தொட்டியையும் காலி செய்தேன். அப்பவும் கிடைத்தது ஒரு ஜிபிகூட இல்லை.

அப்போதுதான் காஸ்ட் அக்கவுண்டிங்கில் படித்த ஏபிசி அனாலிசிஸ் ஞாபகம் வந்தது (படிச்சது உதவுற நாளும் வரும் போல!). எண்ணிக்கையில் 10 சதவீதம் இருக்கிற ஏ ரகச் சரக்கு, மதிப்பில் 70 சதவீதம் இருக்கும். சி ரகம் குவியலாகக் கிடக்கும், ஆனால் மொத்தமாகப் போட்டாலும் பெரிசா தேறாது. நான் இத்தனை நேரம் சி ரகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். மேலே தேடுகிற கட்டத்தின் ஓரத்தை அழுத்தினால் அளவு என்று ஒரு இடம் இருக்கிறது. 10 எம்பிக்கு மேல் என்று போட்டேன். 140 மெயில். அவ்வளவுதான் ஏ ரகம்.

(லேப்டாப் கதையும் இதேதான். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே ஹால் டிக்கெட் ஆறு தடவை, முடிந்துபோன அசைன்மென்ட்டின் டாலி பேக்கப் பதினைந்து. 256 ஜிபி என்று விற்றது ஏன் 238 என்று காட்டுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது.)

அந்த 140இல் பாதி செமினார் பிபிடி, கல்ச்சுரல்ஸ் வீடியோ. கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். மிச்சத்தில் வரிசையாக அப்பா அனுப்பியவை. தலைப்பு கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஃபீஸ் கட்டிய சலான். கோவில்பட்டியில் பிரவுசிங் சென்டரில் கலரில், இருப்பதிலேயே பெரிய சைஸில் ஸ்கேன் பண்ணச் சொல்லியிருப்பார். எழுத்து தெளிவா இருக்கணுமே.

நாலாம் செமஸ்டர் மெயில் மட்டும் 22 எம்பி. மற்றதற்கு இரட்டிப்பு. திறந்து பார்த்தேன். இரண்டு பக்கம் இருந்தது. அப்போது ஆபீஸில் கொடுக்க முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்திருக்கிறேன், இரண்டாவதைப் பார்த்ததே இல்லை.

நகைக்கடன் ரசீது. அம்மா பெயரில். சங்கிலி 1, 24 கிராம். ஃபீஸ் கட்டக் கடைசி தேதிக்கு முந்தின நாள். சலானோடு ஒட்டிக்கொண்டு தவறி வந்திருக்க வேண்டும்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன், கழுத்து ஏன் வெறும் கயிறோட இருக்கு என்று. "கொக்கி விட்டுப்போச்சுடா, ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்" என்றாள் அம்மா. அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஆசாரி இன்னும் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்.

போன் பண்ணலாமா என்று பார்த்தேன். மணி இரண்டேகால்.

விடியும்போது 9 ஜிபி காலி. அந்த 22 எம்பியை அழிக்கவில்லை. காலையில் ஆடிட்டர் ஆபீஸுக்கு மறுபடி போய், அடுத்த முறை ஆள் எடுக்கும்போது சொல்லுங்க சார் என்று கேட்டுவிட்டு வந்தேன். புது பயோடேட்டாவில் இப்போதைய நம்பரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.