முழக்கத்துக்கும் ஒரு மட்டு

சுவருக்குக் காது உண்டு என்று பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். சுவருக்கு வாயும் உண்டு என்பதைப் புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுக்குக் குடிவந்த பிறகுதான் நாம் அறிந்தோம். மாலை ஏழு மணி அடித்தால் பக்கத்து வீட்டுச் சுவர் 'தும், தும்' என்று பேசத் தொடங்கிவிடும். என்ன பாட்டென்று தெரியாது. பாடுகிறவர் ஆணா, பெண்ணா என்பதும் தெரியாது. முழக்கம் மட்டும் வந்து சேரும். அலமாரியிலுள்ள பித்தளைத் தம்ளர்கள் அதற்குத் தாளம் போடும்.

இந்தக் கைங்கரியத்தைச் செய்வது 'ஸப்வூபர்' என்னும் பெட்டி. மனிதக் காது வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையில் கேட்கக் கூடியது. அவற்றுள் 20 முதல் சுமார் 120 வரையுள்ள மந்தர ஒலிகளை மட்டும் இந்தப் பெட்டி கவனித்துக் கொள்கிறது. மிருதங்கத்துக்குத் தொப்பி எப்படியோ, அப்படித்தான் பாட்டுக்கு இது. தொப்பியில்லாத மிருதங்கத்தை யார் விரும்புவார்கள்? ஆகவே பெட்டியே கூடாதென்பது நமது கட்சியன்று. மட்டோடு இருக்க வேண்டும் என்பதே நமது கட்சி.

மந்தர ஒலிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. வினாடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். இத்தனை பெரிய அலைக்கு ஒற்றைக்கல் சுவர் ஒரு பொருட்டே அல்ல. குரலும் வயலினும் சுவரோடு நின்றுவிட, இது மட்டும் ஊடுருவிச் செல்கிறது. போதாக்குறைக்கு நமது காதும் ஒரு சூது செய்கிறது. மெல்லிய அளவில் கேட்கும்போது மந்தர ஒலி காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. 1933-ல் பிளெச்சர், மன்ஸன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் இதை அளந்து காட்டினார்கள். எட்டவில்லையே என்று வீட்டுக்காரர் குமிழைத் திருகுகிறார். அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக் கொள்கிறது!

இது தூக்கத்தோடு போகிற விஷயமுமன்று. நமது வகுப்பில் ஒரு மாணவன் திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை கேட்பான். காதில் ஓயாத ரீங்காரம் என்கிறான். ஞாயிறு முழுவதும் பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் அவன். உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெஸிபல், குழந்தைகளானால் 75 என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வரம்பு கட்டியது. மூன்று டெஸிபல் ஏறினால் கேட்கத்தக்க நேரம் பாதியாகும். 90 டெஸிபலில் வாரம் முழுவதற்கும் நான்கு மணி நேரமே!

ஒரு நாள் பக்கத்து வீட்டு நண்பரைப் பார்க்கச் சென்றோம். "வாருங்கள், ஸார்!" என்று உபசரித்த அந்த இளைஞர், விஷயத்தைக் கேட்டதும் சிறிது யோசித்தார். "பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேனே! பாதிக் குமிழில் வைத்தால் பணம் வீண் அல்லவா?" என்றார்.

"ஒரு கிலோ மிளகாய்த் தூள் வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் இன்றைக் குழம்பிலேயே போடுகிறோமா, தம்பி?" என்றோம். அவர் சிரித்துவிட்டார். பிறகு இருவருமாக வேலையில் இறங்கினோம்.

பெட்டி அறையின் மூலையில், பொதுச் சுவரை ஒட்டி இருந்தது. மூலை முழக்கத்தைப் பெருக்கிவிடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதை நகர்த்தி, அடியில் ரப்பர் மெத்தை வைத்தோம். ஒலிக் குமிழை முற்றிலும் தணித்த பிறகே ஸ்விட்சைப் போட்டோம். 'பேஸ்' கூட்டும் பொத்தான்களையெல்லாம் நடுநிலைக்குக் கொண்டு வந்தோம். மந்தர ஒலியைப் பிரிக்கும் குமிழை 80 அதிர்வில் நிறுத்தினோம். பக்கப் பெட்டிகள் மிகச் சிறியவையானால் 100, 120 வரை போகலாம். பின்னர், நன்றாகப் பழகிய பாட்டொன்றை வழக்கமான அளவில் வைத்து, குமிழைச் சிறிது சிறிதாக உயர்த்தினோம். முழக்கம் பெட்டியிலிருந்து வருவதாகத் தோன்றாமல் பாட்டோடு கலந்து நின்ற இடமே சரியான இடம். அதைத் தாண்டியதும் ஒரு மயிரிழை பின்வாங்கினோம். கடைசியில் நம் வீட்டுக்கு வந்து சுவரருகே காது கொடுத்துப் பார்த்தார் நண்பர். செல்பேசியின் அளவுமானியை மட்டும் நம்பலாகாது. 'ஏ' என்ற தரத்தில் அளந்தால் 50 அதிர்வு ஒலியை 30 டெஸிபல் குறைத்துக் காட்டும். 'ஸி' தரமே ஏற்றது.

பெட்டிக்கும் இதுவே க்ஷேமம். அதிர்வு பாதியாகும்போது, அதே அழுத்தமுள்ள ஒலியைக் கொடுக்க அதன் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். மூன்று டெஸிபல் கூட்ட இரட்டிப்பு மின்சக்தி வேண்டும். பத்து டெஸிபலுக்குப் பத்து மடங்கு! சக்திக்கு மிஞ்சி விரட்டினால் 'டப் டப்' என்று தட்டும், கரகரக்கும், கம்பிச் சுருள் சூடேறிக் கருகும். தட்டல் கேட்டவுடன் குமிழைத் தணிப்பதே புத்திசாலித்தனம்.

நமது மிருதங்க வித்வான்களைப் பாருங்கள். கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவைப் பசையை அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கிள்ளி எறிந்து சரி செய்கிறார்கள். அதிகம் அப்பினால் நாதம் அதிகமாகும் என்று எந்த வித்வானும் நினைப்பதில்லை. அந்த வாத்தியத்தின் விஞ்ஞானப் பெருமையை ஸி. வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' பத்திரிகையில் எழுதி உலகுக்கு உணர்த்தினார். மந்தரத்தை அளந்து வைக்கும் கலை நமக்குப் புதிதல்ல.

சட்டமும் பேசாமலில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெஸிபல் என்று வரையறுத்திருக்கின்றன. தன் வீட்டுக்குள்ளேயே ஆனாலும், வெளியே சென்று அயலாரை வருத்தும் ஓசையை எழுப்ப எவருக்கும் உரிமையில்லையென 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. எனினும் சட்டப் புத்தகத்தைக் காட்டித்தான் அண்டை வீட்டார் அமைதியாக வாழ வேண்டுமென்றால் அது நமக்குப் பெருமையாகாது. 1954 நவம்பர் 1-ந் தேதி இவ்வூர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டது. அன்று பெற்ற சுதந்திரத்தில் பாட்டுக் கேட்கும் சுதந்திரம் உண்டு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் அதே சுதந்திரத்தில் பங்கு உண்டு. நாம் திருகும் குமிழில் அவர்கள் பங்கையும் சேர்த்து அளந்து வைப்போமாக.