வா என்னும் ஓசை

எழுத்துக்களின் பிறப்பைக் கற்பிப்பது தமிழாசிரியர்க்கு எளிய பணியன்று. அகர ஆகாரங்கள் வாய் திறத்தலாற் பிறக்கும் எனவும், உகர ஊகாரங்கள் இதழ் குவிதலாற் பிறக்கும் எனவும் தொல்காப்பியரும் பவணந்தி முனிவரும் வகுத்தவற்றை மாணாக்கருக்கு மனனஞ் செய்விக்கலாம். ஆனால், ஒரே மூச்சொலி வாயின் வடிவு மாறுதலால் எவ்வாறு வெவ்வேறு உயிராகின்றது என்பதைக் கண்முன் காட்டுதல் அரிது. அதனைக் காலால் இயக்கிக் காட்டும் கருவியொன்று உண்டு. மின்கிற்றார் வாசிப்போர் தம் காலடியில் வைத்து மிதிக்கும் 'வா' மிதியே அது. யூபிலி மலரிலே பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர் எழுதற்குரிய பொருளோ இஃது என அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைப்பவர் சற்றே பொறுத்து, நாம் சொல்வதனை முற்றக் கேட்டபின் நகைப்பாராக.

இக்கருவி எமக்கு அறிமுகமானது எம் தமையனார் வாயிலாக. அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போன காலத்தில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, சில்லைக் கையாற் சுழற்றி, அதன் தைனமோ தந்த மின்னைக் கொண்டு ஒலிநாடா கேட்டவர்களுள் அவரும் ஒருவர். சில்லைச் சுழற்றும் பணி பெரும்பாலும் எம்முடையது. சுழற்சி தளர்ந்தாற் பாட்டும் தளரும். உடனே "சுத்தடா" என்னும் குரல் எழும். மின்கலமோ அந்நாளிற் குடாநாட்டினுட் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. 1996இல் அவர் கனடா சென்றார். ரொறன்ரோ நகரிற் பண்டசாலையொன்றில் வேலைசெய்து, முதற் சேமிப்பைக் கொண்டு பழைய மின்கிற்றார் ஒன்றும் இம்மிதியும் வாங்கினார். 9 வோல்ற்று மின்கலம் ஒன்றே இதனை இயக்கப் போதும் என்பதை எமக்கு எழுதிய கடிதத்திற் பெருவியப்போடு குறித்திருந்தார். 2021இல் அவர் காலமானார். ஈராண்டின் பின் அண்ணியார் அம்மிதியைப் பொதிசெய்து அனுப்பி, "கல்லூரிப் பிள்ளைகள் பாவிக்கட்டும்" என ஒரு வரி எழுதியிருந்தார்.

எமது கல்லூரியின் மேலைத்தேய இசைக்குழுவினர் யூபிலி விழாவுக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்த வேளை அது. பொதியைப் பிரித்து மிதியை இயக்கியபோது, துருவேறிய கீல் அசைவது போன்ற கரகரப்பு எழுந்தது. ஆளியை அணைத்து வைத்தபோதும் கிற்றாரின் ஒலி மங்கிக் கேட்டது. மாணவரிடையே மூன்று கட்சிகள் தோன்றின. புதியதொன்று வாங்குவோம் என்றது ஒரு கட்சி. உள்ளுறுப்பு யாவற்றையும் மாற்றுவோம் என்றது மற்றொன்று. "சேரின்ரை அண்ணற்றை சாமான்; அதிலை கைவைக்கக் கூடாது" என்றது மூன்றாவது. மூன்றாங் கட்சியே எம் மனத்துக்கு உவப்பாயிருந்தது. எனினும், பிள்ளைகள் பாவிப்பதற்கென வந்த பொருளை அலுமாரியில் வைத்துப் பூட்டுதல் அனுப்பியவரின் விருப்பமாகுமோ என்னும் ஐயமும் உடனெழுந்தது. பௌதிகவியல் ஆசிரியரான நண்பரை நாடினோம்.

நண்பர் விளக்கியது வருமாறு: கிற்றாரின் கம்பி அதிரும்போது ஒரு மீடிறன் மட்டுமன்றி, அதன் மடங்குகளாகிய பல மீடிறன்களும் உடனெழுகின்றன. இம்மிதி அவற்றுள் ஒரு குறுகிய பகுதியை மாத்திரம் ஓங்கச் செய்கின்றது. குதிக்கால் அழுந்தும்போது அப்பகுதி ஏறத்தாழ 450 ஹேர்ட்சில் நிற்கும். பாதத்தின் முன்புறம் அழுந்தும்போது ஏறத்தாழ 2,000 ஹேர்ட்சுக்கு ஏறும். உள்ளே 500 மில்லிஹென்றி அளவான தூண்டற்சுருளொன்றும் 0.01 மைக்ரோபரட் கொள்ளளவியொன்றும் சேர்ந்து பரிவுறுகின்றன. மிதித்தட்டோடு இணைந்த பற்சட்டம் ஒரு சிறு பற்சில்லைத் திருப்ப, அது 100 கிலோஓம் மாறுந்தடையியைத் திருப்புகின்றது. அத்தடையி, திரான்சிற்றர் இரண்டின் துணையோடு, கொள்ளளவியைப் பெரிதுபோலவும் சிறிதுபோலவும் தொழிற்படச் செய்கின்றது. பரிவு இறங்குவதும் ஏறுவதும் இதனாலேயே.

இதனைக் கேட்டதும் எமது இலக்கண வகுப்பு நினைவில் வந்தது. இதழ் குவிந்து ஊகாரமாய் நின்ற வாய், திறந்து ஆகாரமாகும்போதும் வாயறையின் பரிவு மேலேறுகின்றது. மூச்சொலி ஒன்றே, அதற்கு வடிவு கொடுப்பது வாய். 'வா' என்னும் இப்பெயர் ஆங்கிலேயர்க்கு வெறும் ஒலிக்குறிப்பு. நம் செவிக்கோ அஃது ஓர் அழைப்பு.

இக்கருவி 1966இல் அமெரிக்காவின் கலிபோர்ணியாவில், தோமஸ் ஓர்கன் கம்பனியிற் பிறந்தது. வொக்ஸ் விரியலாக்கியிலிருந்த விலைமிக்க ஆளியொன்றுக்குப் பதிலாக மலிவான மாறுந்தடையியொன்றைப் பொருத்த முயன்ற பிராட்லி பிளங்கெற் என்னும் இளம் பொறியியலாளர் இதன் சுற்றை அமைத்தார். ஓர்கனின் ஒலியளவு மிதிப்பெட்டியொன்றே இதற்கு முதற்கூடாயிற்று. 1967இல் விற்பனைக்கு வந்த முதல் வகை கிளைட் மக்கோய் என்னும் ட்ரம்பெற் வித்துவானின் பெயரைத் தாங்கிற்று. குழலின் வாயை மூடியும் திறந்தும் அழுகுரல் போன்ற ஓசை எழுப்பிப் புகழ்பெற்றவர் அவர். 1968இல் ஜிமி ஹென்றிக்ஸ் தமது 'வூடூ சைல்ட்' இசையின் தொடக்கத்தில், கம்பிகளைக் கையால் அடக்கி, வெறுந் தட்டொலியையே இம்மிதியாற் பேசவைத்தார். 1971இல் வெளிவந்த 'ஷாப்ற்' திரைப்படத்தின் முகப்பிசையிற் சார்ள்ஸ் பிற்ஸ் என்பார் இதனைத் தாளக்கருவி போல ஆண்டார். செலவைக் குறைக்கும் முயற்சியிலே பிறந்த பொருள், கம்பிக்கருவிக்கு ஒரு வாயைக் கொடுத்தது.

முதற்கட்சியின் கருத்தையும் ஆராயவேண்டுமன்றோ? மாணவர் இருவரை அழைத்துக்கொண்டு கொழும்பிற் சில கடைகளுக்குச் சென்றோம். தெரிவுசெய்ய விரும்புவோர்க்கு ஆங்கு நாம் அறிந்தவற்றைச் சொல்வோம். தாம் வழமையாக வாசிக்கும் கிற்றாரையே கொண்டுசெல்லல் வேண்டும். முதலில் மிதியை அணைத்து வைத்தே வாசித்து, பின் மிதியின்றி நேரே விரியலாக்கியில் இணைத்து ஒப்புநோக்குக. பழைய அமைப்பில் ஒருமுனை ஆளியே உண்டு. அணைத்தபோதும் மிதியின் உட்சுற்று கிற்றாரோடு ஒட்டியே நிற்றலால் மேற்றொனி மங்கும். இருமுனை ஆளி அதனை இருபுறமும் விலக்கிவிடும். அடுத்து, மிதியை மெல்ல மெல்ல அழுத்துக. தாழ்ந்த முனையில் ஒலி சேறாகாமலும், உயர்ந்த முனையிற் செவியைக் குத்தாமலும் இருத்தல் வேண்டும். மாற்றமெல்லாம் ஓரிடத்திற் குவியாது பாதத்தின் முழு அசைவிலும் பரந்திருத்தல் இன்றியமையாதது. மாறுந்தடையிக்குப் பதிலாக ஒளியால் இயங்கும் வகையும் உண்டு. அதிலே தேய்வினால் எழும் கரகரப்பு இல்லை.

கண்டவற்றுட் சில நல்லனவே. ஆயினும் விலை, குழுவினரின் ஓராண்டுச் சேமிப்பை விழுங்குவதாயிருந்தது. அன்றியும், அண்ணரின் மிதி நடுவிடத்தில் எழுப்பிய தொண்டைக்குரலை வேறெதிலும் கேட்கவில்லை என மாணவர் தாமே சொன்னார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்பினோம்.

பின்னர் ஒரு சனிக்கிழமை, பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் மிதியின் அடித்தட்டைக் கழற்றினோம். தட்டின் உட்புறத்திற் காகிதத் துண்டொன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் அண்ணரின் கையெழுத்து:

"1999: 33 எடுத்து 47 போட்டது. குரல் கூடிச்சு."

"2004: 470 எடுத்து 390. அடி கொழுத்திட்டுது."

"2011: 47 கூடிப்போச்சு. 39 போட்டது. இது சரி."

அருகே சிறு உறையொன்றில், கழற்றப்பட்ட தடையிகள் ஒன்றுந் தவறாது கிடந்தன. நண்பர் பொருள் கூறினார். சுருளின் பக்கமாக இணைந்த 33 கிலோஓம் தடையி பரிவின் கூர்மையை ஆள்வது; அதன் பெறுமானம் ஏறினால் மனிதக் குரலை ஒத்த தன்மை மிகும். 470 ஓம் தடையி முதலாவது திரான்சிற்றரின் விரியலை ஆள்வது. அது குறைந்தால் ஒலியும் அடித்தொனியும் ஏறும். 33க்கும் 47க்கும் இடையே தம் செவிக்கு ஏற்ற ஓரிடத்தை அடைவதற்கு அண்ணர் 12 ஆண்டுகள் எடுத்திருக்கின்றார். பண்டசாலையில் இரவுவேலை முடிந்து வந்து, உறங்காதிருந்து இதனைச் செய்திருப்பார். அக்காகிதத்தை நாம் நெடுநேரம் நோக்கியிருந்தோம். மாணவர் எதுவும் பேசவில்லை.

கைவைக்கக் கூடாது என்ற கட்சி அவ்விடத்திலேயே கரைந்தது. தொடாமற் காக்கத்தக்க மூலம் என்று ஒன்று அப்பெட்டியினுள் இல்லை. உரையாசிரியர் பலர் கைபட்ட நூல்போல அஃது இருந்தது. நல்லுரைகாரர் மூலத்தை அழித்து எழுதுவதில்லை. தம் கருத்தைப் பக்கத்தே வைத்துச் செல்வர். அண்ணர் கழற்றியவற்றை எறியாது வைத்ததும் அவ்வாறே. யாவற்றையும் மாற்றுவோம் என்ற கட்சியும் இதனைக் கண்டு அடங்கிற்று.

ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்வது, கேட்டபின்னரே அடுத்ததைத் தொடுவது என விதித்துக்கொண்டோம். முதலில் மாறுந்தடையியைத் துப்புரவு செய்தோம். கரகரப்புக் குறைந்ததேயன்றி நீங்கவில்லை. அதன் கரித்தடம் தேய்ந்திருந்தது. அதே பெறுமானமுடைய புதியதொன்றைப் பொருத்தினோம். அடுத்து, ஒருமுனை ஆளியை நீக்கி இருமுனை ஆளி வைத்தோம். மங்கிய ஒலி தெளிந்தது. பற்றாசு பிடித்தவர்கள் மாணவரே. தாழ்ந்த குரல் வேண்டுமென ஒருவர் விரும்பவே, 0.015 மைக்ரோபரட் கொள்ளளவியைப் பற்றாசின்றிக் கவ்விகளால் இணைத்துக் கேட்டோம். ஒலி ஆழ்ந்தது, ஆனால் அத்தொண்டைக்குரல் மறைந்தது. பழையதே நிலைத்தது. தூண்டற்சுருளை எவரும் தொடவில்லை. சுவர் மின்னில் இயங்க வழிசெய்வோம் என்ற யோசனையை நாம் ஏற்கவில்லை. காரணத்தை வாசகர் அறிவர். மின்கலத்தோடு பாவிப்போர், வாசித்து முடிந்ததும் கிற்றாரின் செருகியைக் கழற்றிவிடுக. செருகி உள்ளவரை மின்கலம் வீணே கரையும்.

ஈற்றில், அண்ணரின் வரிகளுக்குக் கீழே மாணவர் ஒருவர் எழுதினார்: "2024: மாறுந்தடையி புதிது. ஆளி இருமுனை. 0.015 பரீட்சித்து விடப்பட்டது. பழையவை உறையில்." 'ஆளி' என்பதை 'ஆழி' என அவர் முதலில் எழுத, கடலை அப்பெட்டியினுள் அடக்கவேண்டா எனக் கூறித் திருத்துவித்தோம். தமிழாசிரியர் அப்பணியிற் செய்த தொண்டு அவ்வளவே.

விழா மாலையில் அம்மிதி ஒலித்தது. ஒலிப்பதிவை அண்ணியாருக்கு அனுப்பினோம். "அவற்றை சத்தம்தான். ஆனா கால் வேறை" என மறுமொழி வந்தது. அதனிலும் நுண்ணிய இசைத்திறனாய்வை நாம் இதுவரை கேட்டதில்லை.

கடல் கடந்து வாழும் பழைய மாணவரான அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு அலுமாரிகளில் உறங்கும் இசைக்கருவிகள் இருப்பின், அவற்றைக் கல்லூரிக்கு அனுப்புங்கள். அவற்றில் நீங்கள் மாற்றியவை எவை என ஒரு துண்டு காகிதத்தில் எழுதியும் வையுங்கள். மாணவச் செல்வர்களே! உங்களிடம் வரும் பொருளை உங்கள் காலுக்கும் காதுக்கும் ஏற்ப மாற்ற அஞ்சவேண்டா. கழற்றியதை எறியாது வையுங்கள். செய்ததை எழுதி வையுங்கள். அந்த அடித்தட்டிலே இன்னும் பல வரிகளுக்கு இடம் உண்டு.