ஓரிக்கையில் கண்ட பழைய கடவுச்சீட்டு

காஞ்சி மாநகரிலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், பாலாற்றை எட்டுமுன் எதிர்ப்படும் ஊர் ஓரிக்கை. பேருந்துப் பணிமனையும், நெசவாளர் வீடுகளும், கோடையில் வெறும் மணலாய்க் கிடக்கும் ஆறுமே வழிப்போக்கரின் கண்ணில் படுவன. ஆனால் இவ்வூரின் பெயருக்குள்ளேயே ஒரு பயணக் கதை ஒளிந்திருக்கின்றது.

திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணரைப் பல்லவ மன்னன் காஞ்சியைவிட்டு வெளியேறுமாறு ஆணையிட்டான் என்றும், சீடர் போகும்போது குருவும் உடன் புறப்பட்டார் என்றும், குரு வேண்டிக்கொள்ளவே திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார் என்றும் வைணவப் பெரியோர் கூறுவர். அவர்கள் ஓர் இரவு இருந்த இடம் ஓரிரவிருக்கையாகி, பின் ஓரிக்கையென மருவிற்றாம். நம் சமயத்துக் கதையன்று எனினும், அதில் ஒன்று நம் மனத்தைத் தொட்டது. ஆணை பிறந்தது ஒருவர் பெயருக்கு. நகரை விட்டு நடந்தவர்களோ மூவர்.

அவ்வூரில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். சடங்கு முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருக்கையில், வீட்டுக்குப் பெரியவரான அம்மாள் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் பொதிந்த சிறு ஏடு ஒன்றை நம்மிடம் நீட்டினார். ஐம்பத்தேழு வயதினர், நெசவாளர் ஒருவரை மணந்து இவ்வூருக்கு வந்தவர். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த ஏடு அவருடைய தந்தையாரின் இந்தியக் கடவுச்சீட்டு. தந்தையின் படமும் அதன் அருகே தாயின் படமும் ஒட்டப்பட்டிருந்தன. உள்ளே, குழந்தைகள் என்ற தலைப்பின்கீழ், பெயர், பிறந்த நாள், ஆணா பெண்ணா என்ற மூன்று குறிப்புகளோடு இரண்டு வரிகள். படம் ஏதுமில்லை. முதல் வரி இந்த அம்மாள். இரண்டாம் வரி அவருடைய தங்கை. அவ்வரியின்மேல் சிவப்பு மையால் கோடு இழுத்து, ஓரத்தில் யாரோ சுருக்கொப்பமிட்டிருந்தார்கள்.

இந்தக் குடும்பம் ஏன் இப்படி ஒரு புத்தகத்துக்குள் அடங்கிப் பயணம் செய்தது என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். இலங்கை மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாய் உழைத்த தமிழரில் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதார் ஆயினர். 1964 அக்டோபர் 30இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை அவர்களைக் கணக்கிட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாய்ப் பகிர்ந்துகொண்டன. இடையில் பிறக்கும் குழந்தைகள் பெற்றோரின் பக்கமே சேர்வர் என்பதும் ஏற்பாடு. கூடையில் எண்ணிப்போடும் தேங்காயைப் பற்றிப் பேசுவதுபோல மக்களைப் பற்றிப் பேசிய அந்த எண்களை நம்மால் அமைதியாகப் படிக்க இயலவில்லை.

விண்ணப்பித்த பின்னும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. அதற்குள் அம்மாளின் அண்ணன் வயது வந்தவராகிவிட்டார். தந்தையின் ஏட்டில் அவருக்கு வரியில்லை; தனி விண்ணப்பம் போட்டு அவர் இலங்கைக் குடிமகனானார். இன்றும் அட்டன் பக்கம் இருக்கின்றார். கடைக்குட்டித் தங்கை, ஏடு கைக்கு வந்த பின், புறப்படும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பு, காய்ச்சலில் இறந்தாள். தேயிலைச் சரிவில் அடக்கம் செய்துவிட்டு, 1974இல் மற்ற மூவரும் இரயிலேறித் தலைமன்னார் வந்தனர். இராமேசுவரம் செல்லும் கப்பலுக்கு நின்ற வரிசையில் நடந்ததை அம்மாள் சொன்னார்: “அதிகாரி ரெண்டாவது வரியில வெரல வச்சிக்கிட்டு அப்பா மொகத்தப் பார்த்தாரு, சாமி. அப்பா ஒண்ணும் பேசல. தலைய மட்டும் ஆட்டினாரு. அவரு பேனாவ எடுத்துக் கோடு போட்டாரு.”

அம்மாளுக்கு அப்போது ஆறு வயது. கோடு போடும்போது தம் வரிக்கும் சேர்த்துப் போட்டுவிடுவாரோ என்று அஞ்சித் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாராம். மண்டபம் முகாமில் இறங்கி, அப்பாவின் பெயரில் குடும்ப அட்டை பெற்று, அதிலும் ஒரு வரியாகவே வாழ்வைத் தொடங்கினார்.

ஏரோதுக்கு அஞ்சித் திருக்குடும்பம் எகிப்துக்குச் சென்ற இரவை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அன்றுதான் ஒன்று உறைத்தது. சூசையப்பருக்கு வானதூதர் சொன்ன சொல்லில் குழந்தையே முதலில் வருகின்றது. தாய் அதற்குப் பின். அரசாங்க ஏடுகளில் குழந்தை கடைசிப் பக்கத்து வரியாகத்தான் இருந்து வந்தது.

இப்போது அப்படியில்லை. ஒருவருக்கு ஒரு கடவுச்சீட்டு என்பதே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறி. பிரிட்டன் 1998 அக்டோபர் 5 முதல் பெற்றோரின் ஏட்டில் குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்திற்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2012 ஜூன் 26க்குப் பின் அத்தகைய வரி பயணத்துக்குச் செல்லாது. நம் நாட்டிலும் கைக்குழந்தைக்குக்கூடத் தனி ஏடு வேண்டும். காரணம் வலுவானது. படமில்லாத வரியைக் காட்டி அதே வயதுள்ள எந்தப் பிள்ளையையும் கடத்திச் செல்லலாம். தாயும் தந்தையும் மனம் வேறுபட்டால், ஏட்டை வைத்திருப்பவரே பிள்ளையைக் கொண்டுபோய்விடலாம். அதனால்தான் குழந்தைக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் இருவரின் கையொப்பத்தையும் கேட்கின்றனர். ஒருவர் மட்டுமே ஒப்பமிடும் நிலையிருப்பின் அதற்கெனத் தனி உறுதிமொழிப் படிவம் உண்டு. பிற நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளை மீட்பதற்கான 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் குடும்பங்கள் ஒப்பமிடுமுன் ஒருமுறைக்கு இருமுறை படிப்பது நன்று.

அம்மாளின் விருப்பம் பெரிதன்று. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கிய செய்தி கேட்டதுமுதல், அண்ணனைப் பார்க்க வேண்டும், தங்கையை அடக்கம் செய்த சரிவில் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்ற எண்ணம். மகளும் இரண்டு வயதுப் பேத்தியும் துணை. பேத்திக்குச் சிரமமேயில்லை. பிறப்புச் சான்றிதழ் இருந்தது, பெற்றோர் ஒப்பமிட்டனர், வெள்ளைப் பின்னணியில் படம் எடுத்தனர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை வைத்த குழந்தை, மையை விண்ணப்பத்தில் மட்டுமன்றித் தன் மூக்கிலும் வைத்துக்கொண்டதாம்.

அம்மாளுக்கோ, இந்த மண்ணில் தாம் வந்திறங்கியதற்குச் சான்று, இறந்த தந்தையின் ஏட்டிலுள்ள அந்த ஒரு வரிதான். பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற தோட்டக் கோயில் கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்விடத்துப் பங்குக் குருவுக்கு நாம் எழுதினோம். திருச்சபைப் பேரேடுகளின் அருமை இத்தகைய வேளையில்தான் தெரிகின்றது. தாய்தந்தையர், ஞானத் தாய்தந்தையர் பெயர்களோடு நகல் வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்த நமக்குச் சிரிப்பும் கவலையும் ஒருங்கே வந்தன. தந்தையின் ஏட்டில் அம்மாள் பிறந்தது 1968 மார்ச்சில். பேரேட்டில் ஞானஸ்நானம் 1967 டிசம்பரில்! பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே கிறிஸ்தவரானவர் நாமறிந்த வரையில் இவர் ஒருவரே.

எது சரி? பேரேட்டை எழுதிய குரு குழந்தையைக் கையில் ஏந்திவிட்டு எழுதியவர். கடவுச்சீட்டை எழுதியவர் யாரோ சொல்லக் கேட்டு எழுதியவர். ஆயினும் அம்மாளின் பள்ளிச் சான்று, வாக்காளர் அட்டை, ஆதார் யாவும் அந்த வரியைப் பார்த்தே எழுதப்பட்டவை. பேரேட்டில் ஓர் எழுத்தையும் மாற்ற நமக்கு உரிமையில்லை, மாற்றவும் மாட்டோம். இரு தேதிகளும் ஒருவரையே குறிக்கும் என்று அம்மாள் உறுதிமொழிப் பத்திரம் எழுதினார். பிறந்த இடம் இலங்கை என்பதால் கேள்விகள் மேலும் வந்தன. தந்தையின் ஏட்டைக் கொடுத்தனுப்ப அவர் தயங்கினார். மூலத்தைக் காட்டினால் போதும், நகலைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று நாம் சொன்ன பிறகே இசைந்தார்.

சென்ற வாரம் உத்திரமேரூர் போகும் வழியில் இறங்கிப் பார்த்தோம். பேத்தியின் கடவுச்சீட்டு விரைவு அஞ்சலில் வந்துவிட்டிருந்தது. அம்மாளுடையது இன்னும் வரவில்லை. குழந்தையின் ஏட்டை வாங்கிப் புரட்டி, குழந்தைகள் என்ற தலைப்பைத் தேடி, அப்படியொரு பக்கமே இல்லையென்று கண்டு நம்மிடம் திருப்பித் தந்தார். எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கேட்டார். ஐந்து ஆண்டு என்றோம்.

“அப்ப நேரம் இருக்கு, சாமி” என்றவர், அதைத் தந்தையின் ஏட்டோடு சேர்த்துத் துணியில் பொதிந்து பெட்டியில் வைத்தார். நாம் வெளியே வந்து உத்திரமேரூர்ப் பேருந்துக்கு நின்றோம்.