ஆம்ப்ளிபையர் சொன்ன உண்மை

இசைக்கு மயங்காதார் எவருமிலர் என்பர். ஆயினும் என் இசையைக் கேட்டு ஓர் அவையே சிரித்தது.

நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்த அப்பா பகலில் உறங்குவார். அவர் துயில் கலையாதிருக்க, ஆம்ப்ளிபையரில் இணைக்காமலே எலக்ட்ரிக் கிடாரில் 'ஸ்லைடு' பழகினேன். விரலில் மாட்டிய இரும்புக் குழாய் கம்பிகளில் வழுக்கியபோது எல்லாம் இனிமையாகவே தோன்றியது. கல்லூரி விழா மேடையிலோ ஆம்ப்ளிபையர் என் குற்றங்களையெல்லாம் ஊரறிய உரைத்துவிட்டது. ஸ்வரம் சேரவில்லை; மீட்டாத கம்பிகளும் இரைந்தன.

வெட்கத்தால் துவண்ட எனக்கு வழிகாட்டியது நம் கோட்டுவாத்தியம். திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் வாசித்த அவ்வாத்தியத்தில் மெட்டுகளே இல்லை. கட்டை நிற்க வேண்டிய இடத்தைச் செவியன்றோ சொல்கிறது! ஸ்லைடு கிடாரை மோகன வீணையாக்கி 1994இல் கிராமி விருது பெற்ற விஸ்வ மோகன் பட்டுக்கும் செவியே துணை.

என் பிழை புரிந்தது. விரலால் வாசிக்கையில் மெட்டுக்குச் சற்றுப் பின்னே அழுத்துகிறோம். குழாயோ மெட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல் நிற்க வேண்டும். அதன் பின்னே இடக்கை விரல்கள் கம்பிகளைப் பூப்போல் தொட்டால் இரைச்சல் அடங்கும். மீட்டாத கம்பிகளை வலக்கை அடக்க வேண்டும்.

இப்போது அப்பா விழித்திருக்கும் மாலையில், ஆம்ப்ளிபையரோடு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் முதலில் வாயால் பாடிப் பார்த்தே வாசிக்கிறேன். சென்ற வாரம் அப்பா, "இன்னிக்குச் சுதி சேர்ந்திருக்குடா" என்றார்.

நண்பர்களே, குறையை மறைக்கும் மௌனத்தைவிட, அதை உரக்கச் சொல்லும் ஒலியே நல்லாசான்!